நுங்கம்பாக்கத்தில் கண்டறியப்பட்ட சிறுகோள்

மதுரையில் என்னோடு வானம் பார்க்க வரும் மாணவர்களிடம், சிறுகோள்கள் என்றதும் நான் முதலில் எடுத்துச் சொல்வது ‘67 ஆசியா’வைப் பற்றித்தான். சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானியல் ஆய்வகத்தில் 1861 ஏப்ரல் 17 அன்று வானியலாளர் நார்மன் போக்சன் அதைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அப்பெயர் பெற்றது. அந்த ஆய்வகத்தின் பணிகள் 1899இல் நமக்கு அருகிலுள்ள கொடைக்கானலுக்கு மாறின என்பதையும் சேர்த்துச் சொல்ல எனக்குப் பிடிக்கும்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட சிறுகோள் பட்டையின் உட்பகுதியில் ஆசியா சுற்றுகிறது. சூரியனிலிருந்து அதன் சராசரித் தொலைவு 2.42 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவே ஒரு வானியல் அலகு). கெப்ளரின் மூன்றாம் விதிப்படி இந்த எண்ணின் மும்மடியை எடுத்து அதற்கு வர்க்கமூலம் கண்டால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.77 ஆண்டுகள் ஆகும் என்பது தாளிலேயே கிடைத்துவிடும். மாணவர்கள் தாமே கணக்கிட்டு அந்த விடையை அடையும்போது அவர்களுக்கு உண்டாகும் மகிழ்ச்சியை வேறெந்தப் பாடத்திலும் நான் கண்டதில்லை. செவ்வாய் இருமுறை சுற்றும் காலத்தில் இது ஏறத்தாழ ஒருமுறை சுற்றுகிறது. பாதை நீள்வட்டமானதால் சூரியனுக்கு 1.97 அலகு வரை நெருங்கி, 2.87 அலகு வரை விலகுகிறது. பூமியின் பாதைத் தளத்திலிருந்து அதன் சாய்வு சுமார் 6 டிகிரி.

அதன் விட்டம் சுமார் 60 கி.மீ.; ஒரு விளிம்பை மதுரையில் வைத்தால் மறுவிளிம்பு திண்டுக்கல்லைக் கடந்துவிடும். தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 16 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்கிறது. ஒளி சீராகக் கூடிக் குறைவதைக் கொண்டு இதை அளக்கிறார்கள். இது ‘எஸ்’ வகையைச் சேர்ந்த கற்சிறுகோள். ஆலிவின், பைராக்சீன் முதலிய சிலிக்கேட் கனிமங்களும் இரும்பு–நிக்கல் உலோகமும் இவ்வகையில் கலந்திருக்கும். கரிம வகைச் சிறுகோள்கள் தம்மீது விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்பாதபோது, ஆசியா ஏறத்தாழ கால் பங்கைத் திருப்பி அனுப்புகிறது. இதே வகையைச் சேர்ந்த இடோகாவா என்ற சிறுகோளிலிருந்து ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2010இல் கொண்டுவந்த துகள்கள், பூமியில் மிகுதியாக விழும் சாதாரணக் காண்டிரைட் விண்கற்களோடு பொருந்தின.

ஆசியாவை வெறுங்கண்ணால் காண முடியாது. அது நமக்கு மிக நெருங்கும் காலத்திலும் சிறிய தொலைநோக்கியாவது வேண்டும். நகர வெளிச்சத்தைத் தவிர்த்து அழகர்கோவில் பக்கம் செல்வது நல்லது. தெரியும் புள்ளிகளை எல்லாம் தாளில் குறித்துவைத்து, மறுநாள் இரவு அதே இடத்தை மீண்டும் பார்க்க வேண்டும். இடையில் நகர்ந்திருக்கும் புள்ளியே சிறுகோள்.