வண்டியில் ஒரு தூக்குப்போசி

என் பிக்கப் வண்டியில் ஜாக்கி, தார்ப்பாய், கயிறு இவற்றோடு, பிடி வைத்த பாத்திரம், எங்கள் பேச்சில் தூக்குப்போசி, அதுவும் ஒன்று தொங்கும். மத்தியானச் சோற்றுக்கு என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது மாட்டுக்கு.

முத்தூர் பக்கம் நமக்கு. 2014-இல் வண்டி எடுத்தேன். வியாழக்கிழமை என்றால் ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை. மற்ற நாளில் தேங்காய், சோளத்தட்டு, உரமூட்டை என்று எது கிடைத்தாலும் சரி. முதல் வருடம், சித்திரை வெயிலில், பக்கத்து ஊர் ஆத்தா ஒருவர் வாங்கிய தலையீத்துக் கறவையை, அதாவது முதல் கன்று போட்ட பால்மாட்டை ஏற்றினேன். ஜெர்சி கலப்பு. துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை முடிந்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். "மடியைப் பாருங்க, மடியைப் பாருங்க" என்று தரகர் சொல்லச் சொல்ல எல்லோரும் பார்த்தோம். அத்தனை பெரிய மடி.

அது ஏன் அப்படி இருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. முந்தின நாள் காலைக் கறவையோடு நிறுத்திவிட்டார்கள். சந்தையில் மடி காட்ட நிறையப் பேர் செய்கிற வேலைதான். அந்தப் பாரத்தோடு மொடக்குறிச்சி, சிவகிரி என்று வழியெல்லாம் வேகத்தடையில் குலுக்கிக் கொண்டுவந்து இறக்கினேன். மடி கல்லாட்டம் இருந்தது. பின்னங்காலை அகட்டி அகட்டி நடந்தது. கன்றுக்குட்டியைக் கூட அண்ட விடாமல் உதைத்தது. மூன்றாம் நாள் மடிநோய். மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டும் ஒரு காம்பு போனது போனதுதான்.

ஆத்தா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ என்ன கண்ணு பண்ணுவே, வண்டி ஓட்டறவன்" என்றார். வைதிருந்தால் கூட மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தேன். 1978-லேயே விலங்குகளை ஏற்றிச் செல்ல மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. பொதுவாக ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, கூட ஓர் ஆள் போக வேண்டும், பயணம் தாங்கும் என்று கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும், மாடு முடிந்தவரை எஞ்சினைப் பார்த்து நிற்க வேண்டும். 2016 முதல் மோட்டார் வாகன விதியிலும் ஒரு மாட்டுக்கு இரண்டு சதுர மீட்டர் இடம் என்று கணக்கு வந்துவிட்டது. என் வண்டியில் சரக்கு ஏற்றும் தொட்டி எட்டரை அடிக்கு ஐந்தரை அடி. இரண்டு மாடு நிற்கலாம், அகலத்தில் அதுவும் கொஞ்சம் இறுக்கம்தான். சந்தை வாசலில் நாலு ஏற்றச் சொல்லுவார்கள். முடியாது என்றால் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போன வாடகை எத்தனையோ. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய்.

ஓட்டுவதை விட ஏற்றுவதில்தான் மாடு அதிகம் அடிபடுகிறது. தரைக்கும் தொட்டிக்கும் மூன்றடி உயரம் வைத்துக்கொண்டு, வாலை முறுக்கித் தாவ வைத்தால் முட்டி பெயராமல் என்ன செய்யும்? ஊருக்குள் என்றால் வாய்க்கால் கரையில் வண்டியைப் பின்னால் விட்டுவிடுவேன், கரையும் தொட்டியும் சமமாக இருக்கும். கன்றை முதலில் ஏற்றினால் தாய் தானாக ஏறும், ஒரு அடி கூட அடிக்க வேண்டாம். தொட்டியில் நாலு சாக்கு தென்னை நார்க்கழிவு கொட்டிவிடுகிறேன். எங்கள் பக்கம் அதற்கா பஞ்சம்? மூத்திரம் போனாலும் உறிஞ்சிக்கொள்ளும், குளம்பு வழுக்காது. வெறும் இரும்புத் தகட்டில் ஒரு தடவை விழுந்த மாடு அப்புறம் வழி நெடுக நடுங்கும். கயிற்றை மூக்கணாங்கயிற்றில் கட்டவே கூடாது, பிரேக் போட்டால் மூக்கு கிழியும். தலைக்கயிற்றில், இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போடுவேன்.

போன வியாழக்கிழமை காங்கேயம் பக்கத்துப் பையன் ஒருவர் கன்றும் மாடுமாக வாங்கினார். மடி விம்மி, காம்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. தூக்குப்போசியை எடுத்து நீட்டினேன்.

"ஏனுங்ண்ணா, இங்கயே கறந்துட்டா ஊட்டுல என்னத்தக் காட்டறது?"

"மாட்டக் காட்டுங்க தம்பி."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்தாலும் கன்றைப் பால் குடிக்க விட்டு, மீதியை உட்கார்ந்து கறந்தார். போசி நிரம்பியது. டீக்கடைக்காரர் வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு டீ கொடுத்தார், காசு வாங்கவில்லை.

மாடு எஞ்சினைப் பார்த்து நிற்பதில் ஒரு வசதி, கேபினின் பின் கண்ணாடியில் முகம் தெரியும். அறச்சலூர் வரும்போது திரும்பிப் பார்த்தேன். அசை போட்டுக்கொண்டிருந்தது.