வா என்று சொல்லும் வரை

ஆகஸ்டு 6

பனிமய மாதா திருநாள் நேற்றுடன் முடிந்தது. பேராலயத்தில் மற்றவர்கள் எதை எதையோ வேண்டிக்கொண்டு நிற்க, நான் வெளிநாட்டில் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும் என் மகளின் இரத்த அழுத்தம் ஒன்றுக்காக மட்டுமே வேண்டிக்கொண்டு நின்றேன். இரவு அவள் பேசினாள். "அம்மா, நீங்க இப்ப வர வேண்டாம். நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் மறுத்துப் பேச எனக்கு வழி கிடைக்கவில்லை.

ஆகஸ்டு 9

விசாவுக்கு அனுப்பிய பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை.

ஆகஸ்டு 11

இரவு இரண்டரை மணிக்கு அவள் வாட்ஸ்அப்பில் இருந்திருக்கிறாள். அங்கே அப்போது பதினொரு மணி. மருத்துவர் படுத்தே இருக்கச் சொன்ன பெண் அந்த நேரத்தில் ஏன் விழித்திருந்தாள், தலைவலியா, கால் வீக்கம் கூடியிருக்கிறதா, அல்லது தூக்கம் வராமல் எதையாவது பார்த்துக்கொண்டிருந்தாளா என்று விடியும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன். காலையில் கேட்டதற்கு "சும்மாதான்மா" என்றாள். கவலைப்படுவதால் தமது உயரத்தோடு ஒரு முழம் கூட்டக்கூடியவர் யார் என்று ஆண்டவர் கேட்டது மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். தெரிந்திருப்பதால் தூக்கம் வந்துவிடுவதில்லை.

ஆகஸ்டு 15

மரியன்னையின் விண்ணேற்பு விழாத் திருப்பலி. மறையுரையில் மரியா எல்லாவற்றுக்கும் ஆகட்டும் என்று சொன்ன தாய் என்றே பேசப்பட்டது. அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று. பன்னிரண்டு வயது மகனை மூன்று நாள் தேடி எருசலேம் கோவிலில் கண்டபோது, மகனே, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய் என்று அவர் கேட்டதை நற்செய்தியில் லூக்கா மறைக்கவில்லை. மாற்கு அதைவிடக் கடுமையாக எழுதுகிறார். உறவினர்கள் இயேசுவைப் பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள். பின்னர் தாயும் சகோதரர்களும் வெளியே நின்றுகொண்டு ஆள் அனுப்பி அவரைக் கூப்பிடுகிறார்கள். அவரோ உள்ளே தம்மைச் சூழ்ந்து அமர்ந்திருப்பவர்களைப் பார்த்து, இவர்களே என் தாயும் சகோதரர்களும் என்கிறார். அப்போது வெளியே நின்ற அந்தப் பெண்ணின் முகத்தைப் பற்றி எந்த மறையுரையிலும் நான் கேட்டதில்லை. அவர் வீடு திரும்பினாரா, அங்கேயே காத்திருந்தாரா என்று மாற்கு சொல்லவில்லை. யோவானின் நற்செய்தியில் சிலுவையடியில் அவர் நிற்கிறார் என்பது மட்டும் தெரிகிறது. அங்கேயும் அவரால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

ஆகஸ்டு 19

பாஸ்போர்ட் வரவில்லை. பிரசவ லேகியத்துக்குச் சுக்கும் திப்பிலியும் வாங்கி வைத்திருக்கிறேன். அழுத்தம் எவ்வளவு என்று இன்று கேட்கவில்லை.

ஆகஸ்டு 20

கேட்டுவிட்டேன். நேற்றைவிடக் குறைவு என்றாள். நேற்று எவ்வளவு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஆகஸ்டு 27

புனித மோனிக்காவின் நாள். வேறு கொள்கையில் சேர்ந்துவிட்ட மகன் அகுஸ்தினாருக்காக அழுது மன்றாடிய தாய் அவர். தாய்மார்களுக்கான சிறப்புச் செபம் முடிந்ததும், இத்தனை கண்ணீரின் மகன் அழிந்துபோக முடியாது என்று ஓர் ஆயர் மோனிக்காவிடம் சொன்னதை வழக்கம்போல் நினைவூட்டினார்கள். அந்த ஆயர் அதற்கு முன் சொன்னதை யாரும் நினைவூட்டுவதில்லை. மகனை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அவனுக்காகச் செபம் மட்டும் செய்யுங்கள், படித்துப் படித்து அவனே தவற்றைக் கண்டுகொள்வான் என்றுதான் அவர் முதலில் சொன்னார். மோனிக்கா கேட்கவில்லை, அழுது அழுது திரும்பத் திரும்ப மன்றாடினார். சலித்துப்போய் அனுப்பிவைக்கும்போது சொன்ன சொல்தான் இன்று நமக்கு ஆறுதல் வாக்காக இருக்கிறது.

என்னை வாட்டுவது வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் துறைமுகம். 383ஆம் ஆண்டு அகுஸ்தினார் உரோமைக்குப் புறப்படுகிறார். தாய் அவரைப் பிடித்துக்கொண்டு, ஒன்று திரும்பி வா, இல்லையென்றால் என்னையும் அழைத்துப் போ என்கிறார். நண்பன் ஒருவனை வழியனுப்பக் காற்றுக்காகக் காத்திருப்பதாகப் பொய் சொல்லி, அருகிலிருந்த புனித சிப்ரியானின் ஆலயத்தில் தாயை இரவு தங்கவைத்துவிட்டு, மகன் கப்பலேறிவிடுகிறார். அந்த இரவு முழுவதும் தாய் கேட்டது மகன் போகக் கூடாது என்பதைத்தான். அந்த வேண்டுதலை மறுத்ததன் மூலமே, மகன் மனம் திரும்ப வேண்டும் என்று அவர் எப்போதும் கேட்டுவந்த பெரிய வேண்டுதலை இறைவன் நிறைவேற்றினார் என்று அகுஸ்தினார் எழுதுகிறார். மகன் இத்தாலிக்குப் போனார், மிலானில் ஆயர் அம்புரோசைச் சந்தித்தார், 387 பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெற்றார், அது மெய்தான். ஆயினும் அது பல ஆண்டுகள் கழித்து, தாய் இறந்த பின்பு, ஆயராகிவிட்ட மகன் எழுதியது. கரையில் காலையில் எழுந்து வெற்றுக் கடலைப் பார்த்த பெண்ணுக்கு அதில் ஒரு வரிகூடத் தெரியாது. அவருடைய பாசத்தில் இருந்த உலக ஆசைக்குத் துயரமே தக்க தண்டனையாயிற்று என்றும் மகன் எழுதுகிறார். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. மகனின் மேல் ஆசை கொள்ளாத தாய் எப்படி அவனுக்காக இத்தனை ஆண்டுகள் மன்றாடியிருப்பார்? பற்றையும் செபத்தையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க அகுஸ்தினாரால் முடிந்திருக்கிறது. அவரைச் சுமந்தவரால் முடிந்திருக்காது.

ஆகஸ்டு 28

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மோனிக்கா பின்னால் கப்பலேறிப் போனார். புயலில் மாலுமிகள் கலங்கியபோது அவர்களுக்கே தைரியம் சொன்னவர் அவர். மிலானில் மகனுக்குப் பெண் பார்த்ததும் அவர்தான். அதனால், பல ஆண்டுகள் மகனோடு வாழ்ந்து ஒரு பிள்ளையும் பெற்ற பெண், அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப நேர்ந்தது. அந்தத் தாய்க்கு நம்மிடம் பெயர்கூட இல்லை. நம்பிக்கையும் எல்லாவற்றையும் தன் கையால் நடத்த வேண்டும் என்ற வேகமும் ஒரே பெண்ணுக்குள் இருந்திருக்கின்றன. ஆனால் தன் கணவரின் பக்கத்தில் தமக்கென்று கல்லறை ஏற்பாடு செய்து வைத்திருந்த அதே மோனிக்கா, இத்தாலியின் ஒஸ்தியா துறைமுகத்தில் 56ஆம் வயதில் சாகும்போது, இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்தால் போதும் என்றார். மகனின் காரியத்தில் அல்ல, தம் சொந்தக் கல்லறையில்தான் அவர் முதலில் கையை எடுத்தார்.

ஆகஸ்டு 29

வேளாங்கண்ணியில் கொடியேற்றம். தொலைக்காட்சியில் பார்த்தேன். அவள் நாள் முழுவதும் பேசவில்லை.

செப்டம்பர் 2

பாஸ்போர்ட் வந்துவிட்டது; விசாவும் இருக்கிறது. அவளுக்குத் தெரிவித்தேன், "நீ வாங்கன்னா வர்றேன்" என்று மட்டும். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

செப்டம்பர் 4

சாமுவேலின் தாய் அன்னாவின் கதையை மறுபடி வாசித்தேன். பால் மறந்த பிள்ளையை ஆண்டவருக்கென்று சீலோ ஆலயத்தில் விட்டுவிட்டு வந்த அந்தத் தாய், ஆண்டுதோறும் அவனுக்கு ஒரு சிறிய மேலாடை தைத்துக் கொண்டுபோனார் என்கிறது சாமுவேல் முதல் நூல். ஓர் ஆண்டாகப் பார்க்காத பிள்ளைக்கு எந்த அளவில் தைப்பது? எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனத்தால் ஊகித்துத்தான் துணியை வெட்டியிருக்க வேண்டும். கொடுத்துவிட்ட பிள்ளைக்கு ஏன் இன்னும் தைக்கிறாய் என்று ஆண்டவர் கேட்கவில்லை; அங்கிருந்த குரு ஏலி பெற்றோரை வாழ்த்தி அனுப்பினார் என்றே எழுதியிருக்கிறது. அன்னா அங்கேயே தங்கிவிடவும் இல்லை. ஆடையைக் கொடுத்துவிட்டுத் தம் ஊரான இராமாவுக்குத் திரும்பினார். எனக்கு அந்தத் திரும்பும் வழிதான் புரியவில்லை. எத்தனை நாள் தங்கினார், பிள்ளை உடன் வருகிறேன் என்று அழுதானா, அந்த ஆடை அவனுக்குப் பொருந்தியதா என்பதெல்லாம்

செப்டம்பர் 5

பயண முகவர் மறுபடியும் அழைத்தார். நாளை மாலைக்குள் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.