நாளைக்கு வேலை உண்டா?

ஆஸ்திரேலியாவில் பண்ணை வேலை செய்துவிட்டு வந்தவர்களைக் கேட்டால் முதலில் முதுகுவலியைத்தான் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் உடம்பு சில வாரங்களில் பழகிவிடும். கடைசிவரை எனக்குப் பழகாதது, நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல் தூங்கப் போவது.

நான் போனது 462 என்கிற வேலை-விடுமுறை விசாவில். இந்தியர்களுக்கு அது 2024 செப்டம்பரில்தான் திறந்தது. வயது 18 முதல் 30 வரை, ஆண்டுக்கு 1000 இடம், குலுக்கலில் பெயர் விழ வேண்டும். இரண்டாம் ஆண்டும் தங்க நினைத்தால், வடக்கு ஆஸ்திரேலியாவிலோ அரசு குறித்து வைத்திருக்கும் கிராமப்புறங்களிலோ, அனுமதித்த வேலை ஒன்றை மூன்று மாதம் செய்து காட்ட வேண்டும். பேக்பேக்கர்கள், அதாவது முதுகுப்பையோடு ஊர் சுற்றும் இளைஞர்கள், பேச்சில் இதற்கு ‘88 நாள்’ என்று பெயர். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2024 ஜூலையிலிருந்து இந்த நிபந்தனை கிடையாது. ஒரே அறையில் படுத்து ஒரே வேனில் போனாலும், சூப்பர்வைசர் கத்தினால் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். மற்றவர்கள் நாட்களை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும்.

முதலில் குயின்ஸ்லாந்தின் கபூல்ச்சர் பக்கம், ஸ்ட்ராபெர்ரி. ஜூன் முதல் அக்டோபர் வரை அங்கே சீசன். சாயங்காலமானால் ஹாஸ்டல் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையில் மறுநாள் போகிறவர்களின் பெயர்களை எழுதுவார்கள். பெயர் இல்லாவிட்டால் வேலை இல்லை. மழை பெய்தால் யாருக்குமே இல்லை. கட்டில் வாடகை மட்டும் வாராவாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

கூலி கிலோ கணக்கு. பறிப்பது கஷ்டமில்லை. காம்பைக் கிள்ளி, பழம் நசுங்காமல் ட்ரேயில் வைக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் எந்த வரிசை கிடைக்கிறது என்பதில் அன்றைய வருமானமே இருக்கிறது. பழம் கொத்துக் கொத்தாக இருக்கும் பாத்தியும் உண்டு, நேற்றே பறித்து முடித்த பாத்தியும் உண்டு. பிரித்துக் கொடுப்பது சூப்பர்வைசர். அதனால் அவரைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். பக்கத்து வரிசையில் குனிந்திருப்பவரிடம் யாரும் பேசமாட்டார்கள். சீசன் முடிவில் பழம் சிறுத்துவிடும். அதே ட்ரே நிறைய இன்னும் அதிக நேரம் பிடிக்கும்.

இதற்குச் சட்டம் இருக்கிறது என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. 2022 ஏப்ரல் 28 முதல், கிலோ கணக்கில் பறிப்பவருக்கும் வேலை செய்த மணிக்குக் குறைந்தபட்சக் கூலி வந்தாக வேண்டும். பறித்தது குறைவாக இருந்தால் மீதியை முதலாளி சேர்த்துத் தர வேண்டும். 2025 ஜூலையில் தேசிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் ஆனது, எங்களைப் போன்ற கேஷுவல் ஆட்களுக்கு, அதாவது நிரந்தரமில்லாதவர்களுக்கு, அதன்மேல் 25 சதவீதம். எத்தனை மணி வேலை செய்தோம் என்ற பதிவு இருந்தால்தான் இதைக் கேட்க முடியும். தைவானிலிருந்து வந்திருந்த ஒரு பெண் தினமும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், பறித்த கிலோ மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். சம்பளச் சீட்டில் ஒருமுறை குறைந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு கான்ட்ராக்டரிடம் போனாள். அடுத்த வாரம் வித்தியாசம் கணக்கில் ஏறியது. அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் எழுதினோம்.

எல்லோருக்கும் அந்தத் துணிச்சல் வராது. சட்டப்படி கூலி தராத வேலை விசாவுக்கான நாள் கணக்கில் சேராது. ஏமாற்றியது முதலாளி, புகார் செய்தால் நாட்களை இழப்பது தொழிலாளி. இது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

பிறகு வடக்கே டல்லி. வாழை ஊர். 1950ஆம் ஆண்டு பெய்த 7.9 மீட்டர் மழையின் நினைவாக, அதே உயரத்துக்குத் தங்க நிறத்தில் ஒரு ரப்பர் பூட்ஸ் சிலையை ஊருக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 2015இல் அந்தப் பகுதியில் பனாமா வாடல் நோயின் வீரியமான வகை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. மண்ணோடு பரவும் நோய் என்பதால், தோட்டத்துக்குள் போகும்போதும் வரும்போதும் பூட்ஸைத் தேய்த்துக் கழுவி மருந்துத் தண்ணீரில் நனைக்க வேண்டும். யாரும் அலுத்துக்கொள்வதில்லை. ஒரு பிடி மண்ணில் ஒரு குடும்பத்தின் தோட்டம் போய்விடும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வெட்டுபவர் மரத்தில் ஒரு கொத்து கொத்துவார். மரம் மெல்லச் சாய்ந்து தார் கீழே இறங்கும். தோள்கொடுத்து வாங்கி டிரெய்லருக்குக் கொண்டுபோக வேண்டும். 50 கிலோவைத் தாண்டும் தார்களும் உண்டு. நான் பெரும்பாலும் ஷெட்டில் இருந்தேன்: தாரிலிருந்து சீப்பை வெட்டுவது, கழுவுவது, பெட்டியில் அடுக்குவது. மணிக் கணக்கில் கூலி. முதல் நாளே பக்கத்தில் நின்றவர் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். ஸ்ட்ராபெர்ரி வரிசையில் அப்படி யாரும் சொல்லித் தந்ததில்லை. அங்கே எனக்காக நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் கைக்காசு. மனிதர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கூலி முறைதான் அவர்களை அப்படி ஆக்கியது.

சொல்லிக்கொடுத்தவர் கிழக்குத் திமோர்காரர். பசிபிக் தீவுகளிலிருந்தும் திமோரிலிருந்தும் ஆட்களை எடுக்கும் பால்ம் திட்டத்தில் வந்தவர். எங்களுக்குப் பிடிக்காவிட்டால் வேறு பண்ணை தேடலாம். அவரை அழைத்துவந்த நிறுவனத்தைவிட்டு அவர் தன் இஷ்டத்துக்கு மாற முடியாது. பிள்ளைகளின் படிப்புக்காக வந்திருந்தார். என் மூன்று மாதத்தை அவரிடம் கஷ்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கிளம்புகிறவர்கள் எந்தப் பழம் நல்லது என்று கேட்கிறார்கள். வாழை என்பேன், டல்லி, இன்னிஸ்ஃபெயில் பக்கம் ஆண்டு முழுவதும் வெட்டு உண்டு. ஆனால் ஹாஸ்டலுக்கு முன்பணம் கட்டும் முன் கூலி மணிக்கா கிலோவுக்கா, வேலை எந்தத் தேதியில் தொடங்கும், வேலை நின்றால் முன்பணம் திரும்புமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி பிடிப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். கூலியில் குறைத்தால் ஃபேர் வொர்க் ஒம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் 131 450க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.