வாரண்டி முடிந்தபின் பழுதான கியர்பாக்ஸ்: கார் நிறுவனத்திடமிருந்து பணத்தைத் திரும்பப் பெற்ற அனுபவம்

தானியங்கி கியர் கொண்ட எங்கள் காரின் வாரண்டி முடிந்து அரை ஆண்டுகூட ஆகாத நிலையில், கியர்பாக்ஸை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் செயலிழந்தது. கோவையில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட் 2,70,000 ரூபாய். அதில் பாகத்தின் விலை மட்டும் 2,31,000. மீதி கூலியும் ஆயிலும். கார் அதுவரை ஓடியிருந்த தூரம் 46,000 கிலோமீட்டர். ஒரு சர்வீஸ்கூட வெளியில் செய்ததில்லை. அந்தத் தொகையின் பெரும்பகுதியைப் பின்னர் நிறுவனமே திருப்பித் தந்தது என்பதால், அது வந்த வழியை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் அளவுக்கு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் பாகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வழக்கு முழுவதும் அதைச் சுற்றியே நடந்தது. எங்கள் காரில் உள்ளது போன்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் ஒரு கிளட்ச் ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய கியர்களையும், மற்றொன்று இரண்டு, நான்கு, ஆறு ஆகியவற்றையும் கையாள்கின்றன. கையால் கியர் மாற்றும் கார்களில் ஓட்டுநரின் காலும் கையும் செய்யும் வேலையை இங்கே எண்ணெய் அழுத்தம் செய்கிறது. அந்த அழுத்தத்தை உண்டாக்கும் பம்ப், அதைத் தேக்கிவைக்கும் அக்யுமுலேட்டர், வால்வுகள், எலக்ட்ரானிக் போர்டு ஆகிய அனைத்தும் ஒரே அலுமினியக் கூட்டுக்குள் அடங்கியதே மெக்கட்ரானிக்ஸ். எங்கள் காரில் அக்யுமுலேட்டர் திருகப்பட்டிருக்கும் இடத்தில் கூட்டின் உலோகம் விரிசல் கண்டு, எண்ணெய் கசிந்து, அழுத்தம் இறங்கிவிட்டது. அழுத்தம் இல்லையென்றால் எந்தக் கியரும் விழாது. அவிநாசி சாலை மேம்பாலத்தில் கார் நியூட்ரலுக்குப் போய் நின்றதற்குக் காரணம் அதுதான்.

விரிசல் விட்ட பகுதி ஒரு விரல் நீளம்கூட இருக்காது. ஆனால் நிறுவனம் அதைத் தனியாக விற்பதில்லை, முழு யூனிட்டையும் வாங்கித்தான் ஆக வேண்டும். கணபதியில் வெளி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் படங்களைப் பார்த்தவுடனே, கூட்டை மட்டும் மாற்றி 45,000 ரூபாய்க்குள் முடித்துத் தருவதாகச் சொன்னார். "ஓட்டறதுனால வர்ற கோளாறு இல்லீங்க இது. அந்த எடத்துல உலோகமே மெலிசா இருக்குதுங்க" என்றும் சொன்னார். பணத்தை மட்டும் பார்த்தால் அவரிடம் விட்டிருக்கலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் வெளியாள் கை வைத்த யூனிட்டைக் காட்டி உற்பத்திக் குறைபாடு என்று நிறுவனத்திடம் பேச முடியாது. பேசுவதானால் பாகம் திறக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பதால் காரை சர்வீஸ் சென்டரிலேயே நிறுத்திவைத்தேன்.

டீலரிடம் சண்டையிட்டுப் பயனில்லை என்பதைப் புரிந்துகொள்ளச் சற்றுக் காலம் ஆகும். டீலர் தனி வியாபாரி, நிறுவனத்திடம் காரையும் பாகத்தையும் விலைக்கு வாங்கி விற்பவர். வாரண்டி முடிந்த காருக்கு அவர் செய்யக்கூடியது, நிறுவனத்தின் கணினி முறைமையில் 'குட்வில்' கோரிக்கை ஒன்றைப் பதிவதுதான். முடிவெடுப்பவர் நிறுவனத்தின் ஏரியா சர்வீஸ் மேனேஜர். காரின் வயது, ஓடிய தூரம், சர்வீஸ் வரலாறு ஆகியவற்றைப் பார்த்து செலவில் இத்தனை சதவீதத்தை நிறுவனம் ஏற்கும் என்று அவர் அனுமதிக்கலாம், மறுக்கலாம். ஆகவே டீலரிடமிருந்து எனக்குத் தேவைப்பட்டது இரக்கம் அன்று, காகிதம். பழுது விவரங்களைப் பதியும் ஜாப் கார்டில், காரின் கணினி காட்டும் ஃபால்ட் கோடுகள் (பிழைக் குறியீடுகள்), விரிசலின் படம், வெளியிலிருந்து அடிபட்ட தடயம் இல்லை என்ற குறிப்பு ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும் என்று கேட்டேன். "ஜாப் கார்டுல அப்படியெல்லாம் எழுதற வழக்கம் இல்லைங்க சார்" என்று சர்வீஸ் அட்வைசர் தயங்கினார். அந்தத் தம்பியை வற்புறுத்தாமல், அன்று மாலையே அவர் வாயால் சொன்னவற்றை வரிசையாக எழுதி, இது சரிதானா என்று மின்னஞ்சல் அனுப்பினேன். "ஆமாம் சார், அடிபட்ட அடையாளம் எதுவும் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றிலும் அந்த ஒரு வரி வேலை செய்தது.

நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் என் சிரமங்களைப் பற்றி ஒரு பத்திகூட எழுதவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டேன். இந்த யூனிட்டின் கூட்டில் ஏற்படும் விரிசல் குறித்து டீலர்களுக்குத் தொழில்நுட்பச் சுற்றறிக்கை ஏதேனும் அனுப்பப்பட்டுள்ளதா? பழைய பாகத்தின் எண்ணும் எஸ்டிமேட்டில் உள்ள புதிய பாகத்தின் எண்ணும் கடைசி எழுத்தில் மாறுபடுகின்றன. இடையில் வடிவமைப்பு திருத்தப்பட்டதா? வேறு எந்த நாட்டிலாவது இந்தப் பாகத்துக்கு மட்டும் வாரண்டி நீட்டிக்கப்பட்டுள்ளதா? கடிதத்தை மின்னஞ்சலிலும், பதிவு அலுவலக முகவரிக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். 'வாரண்டி முடிந்துவிட்டதா' என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, அது அவர்களுக்கே சாதகமானது. 'ஒரு கியர்பாக்ஸின் உலோகக் கூடு 46,000 கிலோமீட்டரில் விரிசல் விடலாமா' என்ற கேள்விக்கு அவர்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். பேச்சை முதல் கேள்வியிலிருந்து இரண்டாவது கேள்விக்கு நகர்த்துவதுதான் என் வேலையின் முக்கால் பங்கு என்று இப்போது தோன்றுகிறது.

பதில் எதிர்பார்த்தபடியே வந்தது. மூன்று கேள்விகளில் ஒன்றையும் தொடாமல், வாகனம் வாரண்டி காலத்தைக் கடந்துவிட்டதால் வருந்துவதாக எழுதியிருந்தார்கள். நான் அதே கேள்விகளை மீண்டும் அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலும் புகாரைப் பதிந்தேன். அந்த அமைப்புக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் கிடையாது. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் பெற்றுத் தருவதோடு அதன் வேலை முடிகிறது. ஆனால் கால் சென்டரைத் தாண்டி நிறுவனத்துக்குள் வேறொரு மேசைக்குக் கோப்பு போவதற்கு அது உதவியது. அதன்பின் ஏரியா சர்வீஸ் மேனேஜரே தொலைபேசியில் அழைத்து, பாகத்தின் விலையில் 50 சதவீதத்தை நிறுவனம் ஏற்கும் என்றார். இரண்டு நிபந்தனைகள் இருந்தன: 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று நான் கையெழுத்திட வேண்டும், பழைய யூனிட் நிறுவனத்துக்குப் போய்விடும்.

குட்வில் என்பதை நிறுவனத்தார் ஒரு சலுகையாகவே பேசுவார்கள். சலுகைக்கு எதற்குக் கையெழுத்து, பழைய பாகம் அவர்களுக்கு எதற்கு என்று யோசித்தால், அது பேரத்தின் முதல் விலை என்பது தெரியும். மறுத்துவிட்டேன். ஏற்றுக்கொள்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் கார் தேவைப்படுபவருக்குப் பாதித் தொகை கைக்கு வருவது பெரிய விஷயம்தான்.

சர்வீஸ் சென்டரில் கார் நின்றுகொண்டே இருந்தால் அவர்கள் பார்க்கிங் கட்டணம் போடத் தொடங்குவார்கள். அதனால் முழுத் தொகையையும் செலுத்திப் பழுது பார்க்கச் சொன்னேன். செலுத்துவதற்கு முன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன் என்று கடிதம் கொடுத்து, அதன் நகலில் முத்திரையுடன் கையொப்பம் வாங்கிக்கொண்டேன். முழு விலையும் கொடுத்தவருக்குப் பழைய பாகம் சொந்தம். அதைக் கேட்டு வாங்கி, வரிசை எண் தெரியும்படி படமெடுத்து, உரிமம் பெற்ற வாகன சர்வேயர் ஒருவரிடம் காட்டி அறிக்கை பெற்றேன். விரிசல் உட்புறத்திலிருந்து, திருகு மரை தொடங்கும் இடத்தில் உண்டாகி வெளியே பரவியிருக்கிறது, மோதலால் வந்ததன்று என்று அவர் எழுதினார். அவருடைய கட்டணம் 8,000 ரூபாய்; இந்த விவகாரத்தில் நான் செய்த செலவுகளில் மிகவும் பயனுள்ளது அதுவே.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எனக்கு உதவிய இரண்டு மாற்றங்கள் உண்டு. ஒன்று, நிறுவனத்தின் தலைமையகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நுகர்வோர் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். மற்றொன்று, எந்த ஆணையத்துக்குப் போவது என்பதைக் கேட்கும் இழப்பீட்டை வைத்துப் பார்க்காமல், பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துப் பார்க்கிறார்கள். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். எங்கள் கார் 13 லட்சத்துச் சொச்சம் என்பதால், 10 முதல் 20 லட்சம் வரையிலான பிரிவில் கட்டணம் 400 ரூபாய் மட்டுமே. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். இப்போது நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. மனுவை எழுதுவதற்கு மட்டும் வழக்கறிஞராக இருக்கும் நண்பரின் உதவியைப் பெற்றேன்.

புதிய கார் கேட்கலாமா என்று வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. நண்பர் அதை அடியோடு மறுத்தார். ஒரு பாகத்தில் குறை இருந்தால் அந்தப் பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றித் தருவதே வாரண்டியின் கீழ் உள்ள கடமை, முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் கூறியிருப்பதை எடுத்துக்காட்டினார். ஆகவே பாகத்தின் விலை, கூலி, இழுவை வண்டிச் செலவு, மன உளைச்சலுக்கு 50,000 ரூபாய், வழக்குச் செலவு ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டோம். டீலரின் தவறு தானாகவே உற்பத்தியாளரின் தவறாகிவிடாது என்று 2021-இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருப்பதால், நிறுவனத்தை முதல் எதிர்தரப்பினராகவும் டீலரை இரண்டாம் எதிர்தரப்பினராகவும் சேர்த்து, யார் மீது எந்தக் குற்றச்சாட்டு என்பதைத் தனித்தனியாக எழுதினோம்.

எதிர்தரப்பினர் பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்திருக்கிறது. நிறுவனத்தின் பதிலுரை கெடு முடியும் தறுவாயில்தான் வந்தது. நெரிசலில் தவறாக ஓட்டியதாலும், ஒருவேளை பள்ளத்தில் அடிபட்டதாலும் பழுது ஏற்பட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அவர்களுடைய டீலரின் ஊழியர் அனுப்பிய ஒருவரி மின்னஞ்சலை நாங்கள் ஆவணமாகச் சேர்த்திருந்ததால் பள்ளத்துக் கதை அங்கேயே நின்றுவிட்டது. நெரிசலைப் பற்றியோ, இந்திய நகரங்களில் ஓட்டுவதற்கென விற்கப்பட்ட தானியங்கிக் கார் நெரிசலைத் தாங்காது என்று நிறுவனமே எழுத்தில் கொடுத்தது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. தேவைப்பட்டால் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கேட்போம் என்றும் மனுவில் குறிப்பிட்டிருந்தோம். சமரசத்துக்குப் போகலாம் என்று அவர்களின் வழக்கறிஞர் முன்வந்ததற்கு இந்தக் குறிப்பே காரணம் என்பது என் ஊகம்.

சமரச மையத்தில் பேச்சு 75 சதவீதத்தில் தொடங்கி, பாகத்தின் முழு விலையில் வந்து நின்றது. கூலியும் மன உளைச்சலுக்கான தொகையும் கிடைக்கவில்லை. புதிய யூனிட்டுக்கு வழக்கமாகத் தரும் ஓராண்டு வாரண்டியை இரண்டாண்டாக எழுதித் தரக் கேட்டேன், தந்தார்கள். முழு விவகாரத்தையும் வெளியில் பேசக் கூடாது என்ற நிபந்தனையை ஏற்க மறுத்து, நிறுவனத்தின் பெயரையும் காரின் மாடலையும் வெளியிடுவதில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொண்டேன். மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான 'வாகன்' தளத்தில் இந்தக் குறை பற்றி நான் பதிந்திருந்த புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்ற வாசகத்தையும் அடிக்கச் சொன்னேன். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களின் பாதுகாப்புக் குறைகளை அதில் பதியலாம். குறிப்பிட்ட அளவு உரிமையாளர்கள் ஒரே குறையைப் பதிந்தால் காரைத் திரும்ப அழைக்கும்படி அரசு உத்தரவிட முடியும். ஓடும் சாலையில் கார் நியூட்ரலுக்குப் போவது என் பணத்தோடு முடியும் பிரச்சினையன்று என்பதால் அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

தனிப்பட்ட ஒப்பந்தமாக முடித்துக்கொள்ளலாம் என்று நிறுவனத் தரப்பு கேட்டது. நண்பர் சம்மதிக்கவில்லை. சமரச அறிக்கை கிடைத்த ஏழு நாட்களுக்குள் ஆணையம் அதைப் பதிவுசெய்து உத்தரவிட வேண்டும். அந்த உத்தரவை மீறினால் சிறைத் தண்டனை வரை சட்டத்தில் இடமுண்டு, தனி ஒப்பந்தத்துக்கு அந்தப் பலம் இல்லை. அப்படியே உத்தரவு பெற்றோம். 2,31,000 ரூபாய் குறித்த தேதிக்குள் வங்கிக் கணக்கில் வந்தது. பணம் வந்த பிறகே, ஒப்பந்தப்படி, பழைய யூனிட்டை ரசீது பெற்றுக்கொண்டு டீலரிடம் ஒப்படைத்தேன்.