பத்தாவது சொல்

29 செப்டம்பர் 2024, மும்பை
யூதப் புத்தாண்டு அல்வாவுக்குக் கோதுமை 1 கிலோ ஊறப்போட்டாயிற்று. மூன்று நாள், தினம் இருவேளை தண்ணீர் மாற்ற வேண்டும். இந்தப் புழுக்கத்தில் ஒருவேளை விட்டுப்போனாலும் புளித்த வாடை ஏறிவிடும். பிறகு எவ்வளவு ஏலக்காய் போட்டாலும் போகாது.

2 அக்டோபர், மதியம்
நேற்று அரைத்துப் பிழிந்த கோதுமைப்பால் இரவெல்லாம் அசையாமல் தெளிந்திருந்தது. மேலே நின்ற மஞ்சள் நீரை இறுத்துவிட்டு அடிப்பாலை மட்டும் எடுத்தோம். நெய் கிடையாது, ஆறு தேங்காயின் முதல் பால்தான். புத்தாண்டு இரவுச் சாப்பாட்டில் இறைச்சி உண்டு. இறைச்சியோடு மாட்டுப்பாலும் நெய்யும் சேரக்கூடாது. சர்க்கரை ஒன்றரை கிலோ. கிளறுவதை ஒரு நிமிடம் நிறுத்தினால் கட்டி தட்டும். இரண்டரை மணி நேரம் கழித்து, ஓரத்தை விட்டுச் சுருண்டு வந்து தேங்காயெண்ணெய் கக்கியது. அதுதான் பதம். சைனா கிராஸ் போட்டுச் சீக்கிரம் இறக்குகிறவர்கள் உண்டு. அதில் இந்த இழுவை வராது.

வியாழன், வெள்ளி பண்டிகை, சனி ஓய்வுநாள். மூன்று நாளும் புதிதாகத் தீ மூட்டக்கூடாது. வெள்ளி மாலை விளக்கு வரை இருக்கிற சுடரிலிருந்துதான் ஏற்ற வேண்டும். அதனால் 48 மணி நேரம் எரியும் விளக்கு ஒன்று, கைவசம் இன்னொன்று. சனிக்கிழமைக்கு வெள்ளியன்று சமைக்க வேண்டுமென்றால், இன்று சூரியன் மறையும் முன்பே ஒரு ரொட்டியும் அவித்த முட்டையும் அதற்கென எடுத்துவைக்க வேண்டும். வைத்தாயிற்று.

5 அக்டோபர், இரவு
முதல் நாள் ‘அத்’திலேயே நெடுநேரம் நின்றது.

பத்துப் பேர் சேர்ந்தால்தான் முழு ஜெபம். ஆனால் ஜெபாலயத்தில் தலையை எண்ணால் எண்ணுவதில்லை. 28ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் எபிரேயத்தில் பத்துச் சொல். ஒரு முகத்துக்கு ஒரு சொல். முதல் ஆள் ‘ஹோஷியா’, பத்தாவது ஆள் ‘ஹாஓலாம்’. அந்தச் சொல் வரும்வரை பேழை திறந்து தோரா என்னும் வேதச் சுருளை வாசிக்க முடியாது, இறந்தவருக்காகச் சொல்லும் கத்தீஷும் இல்லை. ஒன்பதாவது சொல்தான் ‘அத்’. ‘வரை’ என்று பொருள்.

புத்தாண்டுக் கொம்பு ஊதுவதற்குப் பத்துப் பேர் தேவையில்லை. ஆனால் 100 ஊதலில் பாதியிலேயே எச்சில் சேர்ந்து ஒலி அடைத்துக்கொள்ளும். இடைவெளிதோறும் கவிழ்த்து வடிக்க வேண்டும். நீளவாக்கில் பிளந்த கொம்பு செல்லாது. இரண்டாவது கொம்பு பக்கத்திலேயே இருக்கட்டும்.

10 அக்டோபர்
தேநீரைத் திங்கட்கிழமையிலிருந்தே குறைத்தவர்களுக்குச் சனிக்கிழமை பாவநிவாரண நாள் உபவாசத்தில் தலைவலி இராது. நாளை கடைசிச் சாப்பாட்டில் உப்பைக் குறைத்துச் சமைக்க வேண்டும். 25 மணி நேரம் தண்ணீரும் கிடையாது.

12 அக்டோபர், இரவு
‘ஹாஓலாம்’ தாண்டி, அந்த வசனம் எத்தனையோ முறை. இன்று மட்டும் எல்லாரும் வருகிறார்கள். வெள்ளை உடை, நிற்க இடமில்லை. கடைசி ஊதல் முடிந்ததும் திராட்சைச் சர்பத்.

15 அக்டோபர்
கூடாரப் பண்டிகைக் கூடாரத்துக்கு முதலில் சுவர், பிறகுதான் கூரை. வேப்பமரத்தடியில் போட்டால் செல்லாது, கூரைக்கு மேல் வானம்தான் இருக்க வேண்டும். முடைந்த கீற்றை நெருக்கி வேய்ந்துவிட்டார்கள். அதையெல்லாம் பிரித்து முடையாத தென்னை மட்டையாகப் போட்டோம். வெயிலைவிட நிழல் அதிகம் விழ வேண்டும், மழை உள்ளே வர இடமும் இருக்க வேண்டும். காற்றுக்குப் பறக்காமல் மேலே குறுக்காக மூங்கில் வைத்து அமுக்கியிருக்கிறது.

23 நவம்பர், இரவு
‘அத்’.

27 டிசம்பர்
விளக்குப் பண்டிகையான ஹனுக்காவின் மூன்றாம் விளக்கு. வெள்ளிக்கிழமை என்பதால் சூரியன் மறையும் முன்பே ஏற்றி, நட்சத்திரம் வந்து அரைமணி கழித்தும் எரிய வேண்டும். வழக்கமான அளவு எண்ணெய் போதாது. தேங்காயெண்ணெய் காலையில் உறைந்து கிடந்தது. உருக்கி ஊற்றித் திரியை முழுக்க நனைத்த பிறகே பிடித்தது.

12 பிப்ரவரி 2025
நாளை மரங்களின் புத்தாண்டு. மலிதா என்ற அவல் இனிப்புக்குக் கெட்டி அவல் 1 கிலோ, தேங்காய் மூன்று, சர்க்கரை, ஏலக்காய், ஜாதிக்காய், திராட்சை, பாதாம், ஐந்து வகைப் பழம். அவலை ஊறவைக்கக் கூடாது. சல்லடையில் போட்டுத் தண்ணீர் காட்டி வடிய விட்டால் போதும். அலிபாக் பக்கம் கண்டாளாவில், எலியா தீர்க்கதரிசியின் தேர்த்தடம் என்று கொங்கண் யூதரான பெனே இஸ்ரேலர் நம்பும் பாறைக்கு ஒரு கூட்டம் போகிறது. அவர்களுக்குத் தேங்காயும் சர்க்கரையும் தனித்தனி டப்பாவில். இங்கேயே கலந்தால் சர்க்கரை நீர்விட்டு, போய்ச் சேர்வதற்குள் களியாகிவிடும், தேங்காயும் ஊசிப்போகும்.

அவர்கள் போய்விட்டால் இங்கே?

13 மார்ச்
எஸ்தரின் கதையை வாசிக்கும் பூரிம் பண்டிகையை இங்கே பழைய ஆட்கள் ‘ஹோலிச்சா சண்’, அதாவது ஹோலிப் பண்டிகை என்பார்கள். இந்த ஆண்டு நிஜமாகவே நாளை ஹோலி. எஸ்தர் சுருளை இரண்டு பிளாஸ்டிக் உறையில் வைத்தாயிற்று. தோல் ஈரம் பட்டால் மை உரியும்.

15 மார்ச், இரவு
‘வெநஸ்ஸேம்’. எட்டு.

10 ஏப்ரல்
பஸ்காவுக்கு முந்தின நாள் ஓய்வுநாளாக அமைந்ததால் எல்லாம் ஒருநாள் முன்னால் வந்துவிட்டது. தலைப்பிள்ளைகளின் உபவாசம் இன்றே. ஈயம் பூசிய தவலைகளை 24 மணி நேரம் அடுப்பேற்றாமல் வைத்திருந்து, நீர் விளிம்பு தாண்டி வழியக் கொதிக்கவிட்டோம். அரிசியை மூன்று முறை பொறுக்கியாயிற்று, ஒரு கோதுமை மணி கூட இருக்கக்கூடாது. பஸ்காவில் வீட்டில் இருக்கக்கூடாத புளிப்பை இரவில் மெழுகுவத்தியோடு தேடுதல். காகிதத்தில் சுற்றி ஒளித்து வைத்த ரொட்டித் துண்டுகள் பத்து. பத்தும் கிடைத்தன.

11 ஏப்ரல், மாலை
காலையில் எரித்தாயிற்று. ஓய்வுநாளுக்கு மட்டும் சின்ன ரொட்டிகள் தனியே இருக்கின்றன, நாளை காலை பத்து மணிக்குள் தின்று துணியை உதறிவிட வேண்டும். பஸ்கா மேசைக்கு எலும்பும் முட்டையும் சுட்டு, உப்புநீர் கரைத்து, லெட்டூஸைப் பூச்சி பார்த்துத் துடைத்துச் சுற்றியிருக்கிறது. தண்ணீரில் 24 மணி நேரம் கிடந்த இலை செல்லாது. கறுப்பு திராட்சை அரைக்கிலோ, தண்ணீர் 1 லிட்டர், நசுக்கி வடித்த சர்பத் பிரிட்ஜில். வெளியே வைத்தால் இந்த வெயிலில் காடியாகிவிடும், காடிமேல் ஆசீர்வாதம் சொல்ல முடியாது. நாளை மூன்று நட்சத்திரம் தெரியும்வரை மேசையில் ஒரு தட்டு கூட எடுத்து வைக்கக்கூடாது.

நாளைக் காலைக்கு வருகிறேன் என்றவர்கள்: ‘அத்’ வரை. இன்னொருவர் ரயில் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். விளக்கேற்ற இன்னும் ஐந்து நிமிடம், பேனாவை