பிஸ்கட்டின் பங்குனி வேலைகள்

மகள் குதிரை கேட்டாள், வாங்கிக் கொடுத்தோம். பிஸ்கட்டுக்கு இப்போது வயது 17. வண்டி பூட்டி ஓடும் பந்தயத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஸ்ராண்டர்ட்பிரெட் இனக் குதிரை. ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் வருகிற பண்ணை ஒன்றில், மாதக் காசு கட்டி விட்டிருக்கிறோம். சேணத்தில் ஏறுவது மகள், லத்தி அள்ளுவது நான்.

ஆறு வருடமாக அள்ளியதில் எனக்குத் தெரியவந்தது ஒன்றுதான். மார்ச் மாதத்துக் குதிரையைக் கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, கையால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

போன வருடம் இதே நாட்களில் பிஸ்கட் கொழுகொழுவென்று இருந்தான். குறைந்தபட்சம் அப்படித்தான் நான் நினைத்தேன். வின்ரருக்கென்று வளர்த்த உரோமம் இரண்டு விரல் தடிப்பு, அதற்கு மேல் போர்வை. காய்ந்த புல்லைத் தின்று தின்று வயிறும் தொங்கியது. பார்த்தவர்கள் எல்லாரும் “நல்லா இருக்கிறான்” என்றார்கள். ஏப்ரல் கடைசியில் உரோமம் கொட்டி முடிந்த பிறகு பார்த்தால், விலா எலும்புகளைத் தள்ளி நின்றே எண்ணலாம். மகள் அழுதுவிட்டாள். எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது, வாரத்துக்கு மூன்று நாள் அவனுக்குப் பக்கத்தில்தானே நின்றேன்.

மிருக வைத்தியர் வந்து, மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து பிடிக்கும் இரும்பை மாட்டி, லைற்றை என் கையில் தந்தார். குதிரையின் பல் வருடத்துக்கு 2, 3 மில்லிமீற்றர் வெளியே வந்துகொண்டே இருக்கும், அரைத்து அரைத்துத் தேயும். மேல்தாடை கீழ்த்தாடையை விட அகலம் என்பதால் தேய்வது ஒரே சீராக இராது. மேலே கன்னப் பக்கம், கீழே நாக்குப் பக்கம் கூராக முனை விடும். பிஸ்கட்டின் மேல் பல் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது, உள்கன்னத்தில் நீளமாக ஒரு புண். அதனால்தான் புல்லை அரைகுறையாகச் சப்பி உருண்டை உருண்டையாகத் துப்பியிருக்கிறான். வெற்றிலைச் சக்கை போலக் கிடந்த அந்த உருண்டைகளை நானே பல நாள் கூட்டி அள்ளிக் கொட்டியிருக்கிறேன். என்னவென்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அரத்தால் பல்லை அராவி விட்டார். இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிட்டது.

அதனால் இந்த வருடம் மாசியிலேயே தொடங்கிவிட்டேன். போர்வையைக் கழற்றி, கையுறையையும் கழற்றி, விலாவில் கை வைப்பது. உங்கள் கையையே வைத்துப் பழகலாம். மூடிய கையின் முட்டிகளைத் தடவுங்கள், விலா அப்படி இருந்தால் மெலிவு. விரித்த கையின் புறங்கை எலும்பு போல இருந்தால் சரி. உள்ளங்கை போல ஒன்றுமே தட்டுப்படாவிட்டால் கொழுப்பு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஹென்னக் என்பவர் 1983 இல் கொண்டுவந்த 1 முதல் 9 வரையான புள்ளி முறை ஒன்று இருக்கிறது; நடுவில், 5 இல் நின்றால் நிம்மதி. நான் பிஸ்கட்டுக்கு நாலரை போட்டேன். மகள் ஐந்து என்கிறாள், அவள் எப்போதும் அவன் கட்சிதான்.

அப்புறம் பூச்சி மருந்து. முன்பெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஆளைப் பார்க்காமலே மருந்து கொடுப்பார்களாம். அப்படிக் கொடுத்துக் கொடுத்தே சில மருந்துகளுக்குப் புழுக்கள் மசியாமல் போய்விட்டன. இப்போது லத்தியில் முட்டையை எண்ணிப் பார்த்துத்தான் கொடுப்பது. சூடாறாத லத்தி இரண்டு உருண்டையைப் பையில் போட்டு, காற்றை அமத்தி எடுத்து, குளிரில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் எடுத்ததால் திங்கள் வரை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் வைக்க நேர்ந்தது. மூன்று பை சுற்றி, தோசை மாவுக்குப் பின்னால் வைத்தேன். மனைவி அன்று சொன்னதை இங்கே எழுத முடியாது. முடிவு ஒரு கிராமுக்கு 150 முட்டை. 200க்குக் கீழே என்றால் குறைவாகப் பரப்புகிற குதிரை. பொதுவாக ஒரு மந்தையின் முட்டைகளில் பெரும்பகுதியைச் சில குதிரைகள்தான் போடுகின்றன. இவன் அந்தக் கூட்டத்தில் இல்லை. இப்போதைக்கு மருந்து வேண்டாம், இலையுதிர் காலத்தில் கொடுத்தால் போதும் என்றார் வைத்தியர்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு ஊர் ஞாபகம் வரும். சின்ன வயதில் நான் கண்ட குதிரைகள் நெடுந்தீவில் காடாகத் திரிகிற கட்டைக் குதிரைகள்தான். கோடை முற்றினால் அதுகள் தண்ணீர் இல்லாமல் செத்துப்போகும். இங்கே வாளி நிறையத் தண்ணீர் இருந்தாலும் குளிர்ந்துபோனால் இவன் வாய் வைக்க மாட்டான். நாளுக்கு 25 லீற்றருக்கு மேல் குடிக்க வேண்டிய உடம்பு. குடிக்காமல் காய்ந்த புல்லைத் தின்றால் குடலில் இறுகி வயிற்றுவலி வரும், குதிரைக்கு வயிற்றுவலி உயிர் போகிற காரியம். அதனால் மார்ச் முடியும் வரை சுடுதண்ணீர் கலந்து வைக்கிறோம், தீனியில் கொஞ்சம் உப்பும்.

பனி கரைந்தால் சேறு. குளம்பின் அடியில் முக்கோணமாக மெத்தென்று ஒரு பகுதி இருக்கிறது, ஆங்கிலத்தில் அதற்குத் தவளை என்று பெயர் (ஏன் என்று கேட்டு அலுத்துவிட்டது). சேற்றிலேயே நின்றால் அதன் ஓரம் கறுத்து அழுகும். கண்ணை விட மூக்கு முதலில் கண்டுபிடிக்கும், அப்படி ஒரு நாற்றம். ஒவ்வொரு நாளும் கொக்கியால் சுரண்டித் துடைத்து, காய விட வேண்டும், வேறு வித்தை கிடையாது.

தடுப்பூசிக்கு ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை நாள் எடுத்திருக்கிறோம். ஏற்பு (ரெற்ரனஸ்) ஊசி கட்டாயம், ஏனென்றால் குதிரையை ஏற்பு வலி பிடிப்பது போல மற்ற மிருகங்களைப் பிடிப்பதில்லை. விசர் நோய்க்கும் உண்டு. 2015 டிசம்பரில் ஹமில்ரன் பக்கம் ரக்கூன்களில் அது வந்ததில் இருந்து பண்ணையில் யாரும் அதைத் தவற விடுவதில்லை. வெஸ்ற் நைல், கிழக்கத்திய மூளை அழற்சி இரண்டும் நுளம்பு கொண்டுவருவன. இங்கே அவை தலைகாட்டுவது கோடை முடிகிற நேரம், ஆனால் நுளம்பு எழும்ப முன்னரே உடம்பில் எதிர்ப்பு ஊறியிருக்க வேண்டும். முதல்தடவை போடுகிற குதிரைக்கு நாலைந்து வாரம் விட்டு இரண்டாவது ஊசியும் வேண்டும், ஆகவே ஜூனில் நினைத்துப் பார்த்துப் பயனில்லை. பல்லையும் அன்றைக்கே பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

மே வந்து புது புல் துளிர்த்தால் ஒரேயடியாக மேய விட மாட்டோம். அதில் சீனி கூட, குளம்புக்குள் அழற்சி வந்து நொண்டிவிடும். முதல் நாள் பதினைந்து நிமிடம், பிறகு மெல்ல மெல்ல. அதற்குள்ளும் அவன் உரோமம் கொட்டாவிட்டால் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், இந்த வயதில் சுரப்பிக் கோளாறு வந்தால் அப்படித்தான் காட்டும்.

நேற்றுச் சீப்புப் போட்டேன். இடது தோளில் மட்டும் ஒரு பிடி கழன்று வந்தது. ஊசி போட்ட பிறகு கழுத்து நோகும், இரண்டு நாள் ஏறக் கூடாது என்று மகளிடம் சொன்னதும் முகம் விழுந்துவிட்டது. அந்த ஞாயிறு என்ன செய்வதாம்? அவளுக்கும் ஒரு மண்வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.