மூன்று அரிசிப் பையும் ஒரு எல்க் வேட்டையும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்கு எப்போதும் நண்பர்களோடுதான் போவேன். போன அக்டோபரில் முதல்முறையாகத் தனியாகக் கிளம்பினேன். இடம் ஒயிட் ரிவர் தேசியக் காடு. அரசு நிலம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஓரங்களில் தனியார் பண்ணைகள் உண்டு. மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால் எல்லை காட்டும் வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கிக்கொண்டேன்.

காகித வேலை சுலபம். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எப்போதோ முடித்தது. இரண்டாவது ரைஃபிள் (துப்பாக்கி வேட்டை) பருவத்துக்கான ஆண் எல்க் உரிமம் குலுக்கல் இல்லாமலே கிடைத்தது. மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் பட, உடம்பில் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு, தலையில் அதே நிறத் தொப்பி. சரி, அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

மலைப்பு அப்புறம்தான் வந்தது. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோ இருக்கும். எலும்பை நீக்கினாலும் கறி 80 கிலோவுக்கு மேல் தேறும். உண்ணத்தக்க கறியைக் காட்டில் விட்டுவிட்டு வந்தால் குற்றம். நாலு பேர் போனால் ஆளுக்கொரு சுமை. தனியாள்?

இந்தியக் கடையில் வாங்கிய 20 பவுண்டு பொன்னி அரிசிப் பை மூன்றை முதுகுப்பையில் திணித்து, பக்கத்துக் குன்றில் ஏறி இறங்கிப் பார்த்தேன். 27 கிலோ. (எதிர்வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ.) நாலாவது பையைச் சேர்த்தால் இறக்கத்தில் முழங்கால் நடுங்கியது. ஆக, கொம்போடு சேர்த்து நாலு நடை. கார் 2 கிலோமீட்டரில் இருந்தாலே, சுமையோடு நாலு முறை, வெறுமனே மூன்று முறை, மொத்தம் 14 கிலோமீட்டர். அதுவும் 3000 மீட்டர் உயரத்தில்! அன்றைக்கே வரைபடத்தில் கார் நிறுத்தும் இடத்தைச் சுற்றி 2 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டேன். அதைத் தாண்டிச் சுடுவதில்லை.

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்றும் வாங்கினேன். இரவு எட்டு மணிக்குள் தகவல் வராவிட்டால் அழைக்கச் சொல்லி, அந்தக் கவுண்டி (மாவட்டம் போன்றது) ஷெரிஃபின் காவல் அலுவலக எண்ணை மனைவியிடம் எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் விடியலில் வட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச்சரிவில் ஓர் ஆண் எல்க். ஒரு பக்கக் கொம்பில் நாலு கிளை இருந்தாலே சட்டப்படி சுடலாம், இதற்கு ஐந்து. 250 மீட்டர்தான், சுட்டால் விழும். ஆனால் நடுவில் செங்குத்துப் பள்ளம். சுற்றிக்கொண்டு வந்தால் காருக்கு நாலு கிலோமீட்டர். அது மரங்களுக்குள் மறையும் வரை பைனாகுலரில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீடு திரும்பியபோது, மூன்று பையில் ஒன்று பிரிக்கப்பட்டு அடுப்பில் சோறாகிக்கொண்டிருந்தது.